வாசகர் கேள்வி – பதில்: ஆவிகள் எழுதிய கொப்பிகள்

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் கிரியோல் மக்கள் ஆவிகளோடு பேசி, பேசியதையெல்லாம் எழுதி வைத்தார்களாமே? எங்கள் பறங்கியருக்கும் அவர்களுக்கும் ஏதும் உறவு உண்டா? – தாண்டவன்வெளி வாசகர்

பதில்: உறவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டில் புழங்கியது போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி. நீங்கள் கேட்பவர்கள் பிரெஞ்சு பேசிய, ஆபிரிக்க–பிரெஞ்சு வம்சத்தவர். இரு சாராரிலும் கத்தோலிக்கர் அதிகம், அவ்வளவுதான்.

1848 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில், ஃபொக்ஸ் சகோதரிகளின் வீட்டில் கேட்ட, ஆவி தட்டுவதாக நம்பப்பட்ட தட்டல் சத்தத்தோடு அமெரிக்காவில் இந்த மோகம் பரவியது. நியூ ஓர்லியன்ஸில் அதற்கு முன்பே ஜோசப் பார்த்தே என்ற பிரெஞ்சுக்காரர் மெஸ்மரிசச் (ஆளை மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் முறை) சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். 1857இல் ஆவியியலுக்கென்றே ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையும் தொடங்கினார். திருச்சபைத் தரப்பு அவரைக் கடுமையாகச் சாடியது.

கிரியோல் மக்களின் வட்டத்துக்கு ‘செர்க்கிள் ஆர்மோனிக்’ என்று பெயர். நடத்தியவர் ஹென்றி லூயி ரே. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஆவி இறங்கியதாக நம்பப்படும் மீடியத்தின் கை பிரெஞ்சில் எழுதும். அடியில் ஆவியின் பெயர் கையொப்பமாக வரும். இருப்பவர்களுக்குள் மனக்கசப்பு இருந்தால் ஆவி நெருங்காது என்பது அவர்களின் நம்பிக்கை. 1858 முதல் 1877 வரையிலான பதிவேடுகள் இன்று நியூ ஓர்லியன்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

பேய்க்கதை எதிர்பார்த்து அவற்றைப் புரட்டினால் ஏமாற்றந்தான். வந்தவர்கள் லிங்கன், பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரொபஸ்பியர், ஹெயிட்டி விடுதலைத் தலைவர் டூசன் லூவெர்ச்சூர். ஊர்க்காரரும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கறுப்பினப் படையணிக் கப்டன் ஆந்த்ரே கையூ. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 மே 27இல் போர்ட் ஹட்சன் கோட்டைமீதான தாக்குதலில் விழுந்தவர். கோட்டை சரணடையும்வரை ஆறு வாரம் உடலை எடுக்க முடியவில்லை. ரேயும் அதே படையில் அதிகாரியாக இருந்தவர். 1866 ஜூலை 30இல், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகக் கூடியவர்கள்மேல் கும்பலும் பொலிசும் பாய்ந்ததில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் கொல்லப்பட்ட விக்டர் லக்ருவாவும் ஆவியாக வந்து எழுதினார். அடிமைகளை வைத்திருந்த முதலாளிமாரின் ஆவிகள் வந்து வருந்தியதும் பதிவாகியிருக்கிறது. என் பார்வையில் இவை முதலில் அரசியல் ஆவணங்கள், பிறகுதான் ஆவிப் பதிவுகள். உள்நாட்டுப் போருக்குப் பிந்திய, தென்மாநிலங்களின் மறுசீரமைப்புக் காலம் முடிந்த 1877இலேயே பதிவுகளும் நின்றுபோயின.

கேள்வி: ஹொஸ்டல் பிள்ளைகள் எழுத்துத் தாளில் காசு வைத்து, விரலால் தொட்டுக்கொண்டு ஆவி கூப்பிடுகிறார்கள். காசு ஓடத்தான் செய்கிறது! ஒருவரும் தள்ளவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள். – கல்முனை ஆசிரியை

பதில்: சத்தியம் பொய்யில்லை. தள்ளுவதும் அவர்கள்தான், தங்களுக்கே தெரியாமல். 1853இல் விஞ்ஞானி மைக்கல் ஃபரடே, ஆவி நகர்த்துவதாக நம்பப்பட்ட மேசையில் இதைக் காட்டினார். சில மட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே இளகிய பிசின் உருண்டைகளை ஒட்டி, அதன்மேல் கைகளை வைக்கச் சொன்னார். மேசை தானாக நகர்ந்தால் மேல்மட்டை பின்தங்க வேண்டும். ஆனால் மேல்மட்டைதான் முந்திப் போயிருந்தது. பிறகு கையின் அசைவைக் காட்டும் முள் ஒன்றைப் பொருத்தி, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். மேசை அசையவே இல்லை.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை இன்னும் சுலபம். தாளைத் தட்டையான ஒரு பலகையில் நான்கு மூலையும் ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் காசு தட்டுப்படும், சோதனை பழுதாகும். பிள்ளைகளின் கண்ணைக் கட்டுங்கள். லேஞ்சி மட்டும் போதாது, மூக்கோரம் கீழே தெரியும். உள்ளே பஞ்சு வையுங்கள். முதலில் பலகையைத் திருப்பாமலே இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்து, பலகையைச் சத்தமின்றி அரைவட்டம் திருப்புங்கள். சத்தம் கேட்டால் உஷாராகிவிடுவார்கள். ஆதலால் திருப்பாத வேளையிலும் பலகையை ஒருதரம் அசைத்து வையுங்கள். ‘ஆம்’ என்ற இடத்துக்குப் போவதாக நினைத்து, அது முன்பு இருந்த இடத்துக்கே காசு ஓடும். ஆவிக்குக் கண் தெரியுமென்றால் அப்படித் தவறக் கூடாதல்லவா?

தமிழின் 247 எழுத்தையும் ஒரு தாளில் அடக்க முடியாது. அதனால்தான் நம் பிள்ளைகளிடம் வரும் ஆவியெல்லாம் இங்கிலீசில் பேசுகிறது! ஒன்று மட்டும் கவனியுங்கள்: அண்மையில் வீட்டில் சாவு கண்ட பிள்ளையை இந்த விளையாட்டில் உட்காரவிட வேண்டாம். காசு காட்டும் ஒரு சொல்லே அதற்குப் பெரும் பயமாகிவிடும்.

கேள்வி: ஃபொக்ஸ் சகோதரிகள் ஏமாற்று என்று ஒப்புக்கொண்டார்களே. ரேயும் அப்படித்தானா? – களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: 1888 ஒக்டோபரில் மார்கரெட் ஃபொக்ஸ், தட்டல் சத்தம் வந்தது இப்படித்தான் என்று நியூயோர்க் மேடையில் கால்விரல் மூட்டைச் சொடக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே அதை மறுத்தும் பேசினார். ரேயின் வட்டத்தில் நடந்தது கை தானாக எழுதுவது; காசு நகரும் அதே காரணம் அதற்கும் போதும், மோசடி தேவையில்லை. நமது அம்மன் சடங்கில் கட்டுச் சொல்பவரையும் மேடையில் டிக்கெட் போட்டுத் தட்டல் கேட்க வைத்தவர்களையும் ஒரே தராசில் நிறுப்பீர்களா? ரேயை நான் முதல் தட்டில்தான் வைப்பேன்.