மேனேஜர் இருக்கும்போது ஸ்க்ரம் மாஸ்டர் எதற்கு?

புராஜெக்ட் மேனேஜர் இருக்கும்போது ஸ்க்ரம் மாஸ்டர் எதற்கு, அந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்க்ரம் என்றால் சிறு குழுவாக, சில வாரத் தவணைகளாக வேலை செய்யும் முறை; அது ஒழுங்காக நடக்கக் குழுவுக்கு உதவுபவர் ஸ்க்ரம் மாஸ்டர். உங்கள் ஆபீசில் அவர் மீட்டிங் லிங்க் அனுப்புவதோடு சரி போலிருக்கிறது. இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நான் மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், வீட்டிலிருந்தே ஒரு கோலாலம்பூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். செம்பனை ஆலைகளின் எடைமேடைக்கான மென்பொருள்.

எங்கள் மேனேஜர் காலைக் கூட்டத்தைப் பெரட்டு மாதிரி நடத்துவார். அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர், அதனால் பெரட்டு எனக்குத் தெரியும்: பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று சொல்லி அனுப்புவது. ஸ்க்ரமில் அது 15 நிமிடக் கூட்டம், டெவலப்பர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள. எங்களுக்கு முக்கால் மணி நேரம் இழுக்கும்.

அப்புறம் ஸ்க்ரம் மாஸ்டராக ஓர் அக்கா வந்தார். அப்போதைய ஸ்பிரின்டின், அதாவது அந்தத் தவணையின், இலக்கு ஒன்றுதான்: ஆலையில் இணைய லைன் போனாலும் எடை கணினியிலேயே பதிவாகி ரசீது வர வேண்டும், லைன் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். அதுவரை லைன் போனால் கிராணி (ஆலை எழுத்தர்) கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதுவார், லோரி வரிசை கேட்டைத் தாண்டிவிடும். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். டிரைவர்கள் ஹாரனை அமுக்கியபடி நிற்பார்கள்.

நடுவில் சேல்ஸ் மேனேஜர், டெமோவுக்குக் கலர் கலராக வரைபடம் வேண்டுமென்று நேரே என் வாட்ஸ்அப்புக்கு வந்தார். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்தான் பேக்லாக், அதை வரிசைப்படுத்துபவர் புராடக்ட் ஓனர். அக்கா முடியாது என்று சொல்லவில்லை. "புராடக்ட் ஓனரிடம் சொல்லுங்க சார், பேக்லாக்கில் எது முன்னால் எது பின்னால் என்பது அவர் முடிவு" என்றார். ஓனரிடம், "இதை ஏற்றினால் எதை இறக்கலாம்?" என்று கேட்டார். அவர் மென்று விழுங்கினார். சேல்ஸ் மேனேஜர் அவருக்கு சீனியர். கடைசியில் எதுவும் ஏறவில்லை. ஸ்பிரின்ட் முடிவில் செய்ததைக் காட்டும் ரிவியூவுக்கு அக்கா கிராணியையே வரவழைத்தார். இணையக் கேபிளைப் பிடுங்கிக் காட்டினோம். "ரசீது வருதில்ல? எனக்கு அது போதும்" என்றார் மனிதர். வரைபடத்தை அப்புறம் யாரும் கேட்கவே இல்லை.

எதைச் செய்வது என்பது ஓனர் பாடு, எப்படிச் செய்வது என்பது டெவலப்பர்கள் பாடு. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்காமல் பார்ப்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். ஸ்க்ரமின் விதிநூலான 2020 ஸ்க்ரம் கைடில் இந்த மூன்று பொறுப்புகள்தான், மேனேஜர் கிடையாது. 'அப்போ பட்ஜெட் யார் பார்ப்பது' என்று கமெண்டில் வருவீர்கள். மேனேஜரே பார்க்கட்டும், நான் வேண்டாம் என்றேனா? எங்கள் மேனேஜர் இப்போது ஒப்பந்தமும் பில்லும் பார்க்கிறார், நன்றாகவே பார்க்கிறார்.

லைன் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைத்தெரு வரை ஃபைபர் வந்துவிட்டது, எங்கள் பக்கம் கேட்டால் 'போர்ட் இல்லை' என்ற அதே பதில். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பிழைப்பு. மழை வந்தால் அதுவும் போச்சு.

சரி, போகலாமா என்றால், கோடிங் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் போகாதீர்கள். சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டுமுன் கைடைப் படியுங்கள், இலவசம்தான். சீனியரிடம் "ஓனரைக் கேளுங்க சார்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.