கணக்கை விட்டுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தில்லி மயூர் விஹாரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறோம். என் மகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கணக்கில் மட்டும் எண்பதைத் தாண்டுவதில்லை. பதினொன்றில் காமர்ஸ் எடுத்து, கணக்குக்குப் பதில் உடற்கல்வியை வைத்துக்கொண்டால் 95 சதவீதத்துக்கு மேல் வாங்கிவிடலாம் என்று ட்யூஷன் ஆசிரியரும் உறவினர்களும் சொல்கிறார்கள். தமிழையும் பத்தோடு நிறுத்தினால் பாரம் குறையும் என்கிறார் என் கணவர். கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணனோ, அங்கேயும் விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்கிறார். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

ஒரு வாசகி, மயூர் விஹார்

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கை விடச் சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றியது.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் சேர விரும்புகிறவர், க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் ஒரு மொழித்தாள், கணிதத்தாள், அவற்றுடன் வேறு இரண்டு பாடத்தாள்கள் எழுத வேண்டும். மற்ற இரண்டை அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணிதத்துக்கு மாற்று கிடையாது. பன்னிரண்டில் எந்தப் பாடங்களைப் படித்தாரோ அவற்றில்தான் க்யூட் எழுத வேண்டும் என்றும் அந்தப் பல்கலைக்கழகம் விதி வைத்திருக்கிறது. இந்த இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் சேரும் அன்றைக்குக் கணக்கை விட்டால், உங்கள் மகள் ஆசைப்படும் படிப்பை அன்றைக்கே விட்டதாகிவிடும். பி.காம். ஆனர்ஸுக்குக் கணிதம் அல்லது கணக்குப்பதிவியல், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். "காமர்ஸ்காரர்களுக்குக் கணக்கு எதற்கு" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் மகள் கேட்பது பி.காம். அல்ல.

என் தங்கை மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கரோல் பாகில் அவர்கள் வீடு. அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஜனவரிக் குளிரில் ஒரு இரவு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து நானும் அவனும் சேர்க்கை விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் அவனுடைய மாதிரித் தேர்வு விடைத்தாள், கணக்குப்பதிவியலில் 96. தகுதி என்ற கட்டத்தில் கணிதம் என்ற சொல்லின் மேல் அவன் விரல் நின்றது, நகரவே இல்லை. "மாமா, நான் மேத்ஸ் எடுக்கவில்லையே" என்றான். பதினொன்றில் சேர்ந்தபோது, ஏதாவது ஐந்து பாடம் இருந்தால் போதும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். வாரியத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம். அந்த நேரத்தில் எதை மாற்ற முடியும்? தங்கை அடுப்பங்கரையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். இன்றைக்கு அவன் வேறொரு படிப்பை விரும்பித்தான் படிக்கிறான். ஆனாலும் அந்த இரவு வேறு எந்த வீட்டுக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் உறவினர்கள் மீது தவறில்லை. அவர்கள் பழைய அச்சத்தில் பேசுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தில்லிப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்த காலத்தில், 2021-இல் சில கல்லூரிகள் சில படிப்புகளுக்கு 100 சதவீதம் கேட்டன. அரை மதிப்பெண்ணுக்குக் குடும்பமே உறக்கம் கெட்டது. மதிப்பெண் கொட்டும் பாடமாகப் பார்த்து எடுப்பது அன்றைக்கு ஓரளவு நியாயமாக இருந்தது. 2022 முதல் க்யூட் மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. பன்னிரண்டில் தேர்ச்சி பெற வேண்டும். இருவர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால் வாரியத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆக, உடற்கல்வி வாங்கித் தரும் அந்த 95 சதவீதத்தால் பொருளாதாரத்துக்கு இடம் கிடைக்காது. கணக்கில் உங்கள் மகள் 78 வாங்கினாலும் அவள் போட்டியில் இருப்பாள்.

க்யூட் கணிதத்தாள் எளிதானது என்று சொல்ல மாட்டேன். 2025-இல் வந்த முறைப்படி 60 நிமிடத்தில் 50 வினாக்கள், சரிக்கு 5, தவறுக்கு ஒன்று கழிவு. வேகம் வேண்டும். ஆனால் பாடம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் உள்ள கணக்குகளை இரண்டு முறை முழுதாகப் போட்டுப் பார்த்த பிள்ளை திகைத்து நிற்காது.

அந்தப் படிப்பில் கணக்கை ஏன் கேட்கிறார்கள் என்று மகளுக்குச் சொல்லுங்கள். ஒரு மெஸ்ஸில் காலையில் நூறு தட்டு இட்லி போகிறது. நூற்றியோராவது தட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு? மாவு, எரிவாயு, ஒரு கரண்டி சாம்பார் மட்டுமா, அல்லது அந்த ஒரு தட்டுக்காக இன்னொரு ஈடு ஏற்ற வேண்டுமா? பொருளாதாரத்தில் இதற்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். அதைக் கண்டுபிடிக்கும் கருவிதான் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் சொல்லித்தரும் வகைக்கெழு. தில்லியில் அந்தப் பட்டப்படிப்பின் தொடக்கத்திலேயே பொருளாதாரத்துக்கான கணித முறைகள் என்று ஒரு தாள் வந்துவிடுகிறது. கணக்கு இல்லாமல் எப்படியோ உள்ளே போய்விட்டாலும் அவள் அங்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் தவிப்பாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிதத்துக்கு இரண்டு நிலைத் தாள்கள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடிப்படை நிலை, மேற்கொண்டு கணிதம் படிக்க எண்ணாதவர்களுக்காக 2020 தேர்விலிருந்து வந்தது. மகள் எழுதுவது ஸ்டாண்டர்ட் தாளா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பதினொன்றில் பயன்பாட்டுக் கணிதம் என்று இன்னொரு பாடமும் உண்டு. அது சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. முழுக் கணிதத்தையே எடுப்பது நல்லது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நடத்தும் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். இயற்பியல், வேதியியல் தேவையில்லை. காமர்ஸோடு கணக்கு எடுத்த பிள்ளைக்கும் அந்த வழி உண்டு. பல வீடுகளில் இது தெரிவதே இல்லை.

தமிழுக்கு வருகிறேன். உங்கள் கணவர் பாரம் என்று சொன்ன இடத்தில் எனக்கு மனம் வலித்தது. க்யூட்டில் உள்ள 13 மொழித்தாள்களில் தமிழும் ஒன்று. பொருளாதாரம் ஆனர்ஸுக்குக் கேட்கும் அந்த மொழித்தாளை அவள் தமிழிலேயே எழுதலாம். சி.பி.எஸ்.இ.யில் ஐந்து பாடங்களோடு ஆறாவதாக ஒரு பாடம் வைத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. ஆங்கிலம், கணிதம், பொருளாதாரம், கணக்குப்பதிவியல், வணிகவியல், ஆறாவது தமிழ். இந்த ஊரில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளைக் கட்டி நிறுத்த முந்தைய தலைமுறை பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தவன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம்.

அண்ணன் சொல்லும் கலிபோர்னியாவும் இதற்கு எதிராகப் பேசவில்லை. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அடங்கிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஓராண்டுப் பாடங்களாக 15 கேட்கிறது. ஆங்கிலம் 4 ஆண்டு, கணிதம் குறைந்தது 3 ஆண்டு, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி 2 ஆண்டு. மீதி அறிவியல், வரலாறு, கலை, ஒரு விருப்பப்பாடம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அவரவர் பாடத்திட்டத்தில் இதற்கு இணையானதைப் பார்ப்பார்கள். கடல் கடந்தும் கணக்கையும் இன்னொரு மொழியையும்தான் கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.

விதிகளை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். அவள் சேரும் ஆண்டின் அறிவிப்பு வந்ததும் அதை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள், யார் சொன்னாலும், நானே சொன்னாலும்.

எண்பதைத் தாண்டாததற்குக் காரணம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. முக்கோணவியலில் இடறுகிறாளா, வடிவியல் நிரூபணங்களிலா, அல்லது தெரிந்த கணக்கையே அவசரத்தில் தவறவிடுகிறாளா? அவளிடம் கேட்டு எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்.