கடற்காற்றில் நமத்துப்போகும் செய்தித்தாள் மேஜிக்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். செய்தித்தாளைக் கிழித்து மறுபடி முழுசாக்கிக் காட்டும் மேஜிக் வீட்டில் செய்தால் சரியாக வருகிறது. ஆண்டு விழாவில் திறந்தவெளி மேடையில் செய்தபோது பேப்பர் கோணல்மாணலாகக் கிழிந்தது, பின்னால் மறைத்து ஒட்டியிருந்த இன்னொரு தாளின் மடிப்பு பாதியில் பிரிந்து தொங்கியது, முன்வரிசைப் பையன் ஒருவன் "சார், பின்னாடி இன்னொண்ணு இருக்கு!" என்று கத்திவிட்டான். கைப்பழக்கம் போதவில்லையா?

கையைக் குறை சொல்லாதீர்கள் சார். வீட்டில் வருகிறது என்றால் கைக்கு வித்தை தெரியும் என்றுதான் அர்த்தம். உங்களைக் கவிழ்த்தது பேப்பரும் காற்றும். இந்த வித்தையைச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் நாலு சுவருக்குள் செய்கிறவர்கள். பாம்பன் தீவில், மூன்று பக்கமும் உப்புக்காற்று அடிக்கிற மேடையில் நின்று செய்கிறவருக்கு என்ன கஷ்டம் என்பது அவர்கள் யோசிக்காத விஷயம்.

முதலில் பேப்பரைப் பார்ப்போம். செய்தித்தாள் காகிதம் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடைக்குப் பின்னால் மேசையில் வைத்துவிட்டு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, நாலு நடனம் எல்லாம் முடிந்து ஏழரைக்கு எடுத்தால் அது நமத்த அப்பளம் மாதிரி இருக்கும், கிழித்தால் சத்தமே வராது. இந்த வித்தையில் பாதி வேலையைச் செய்வதே அந்த 'சர்ர்ர்' சத்தம்தான், ஏனென்றால் நிஜமாகவே கிழிந்துவிட்டது என்று கண்ணைவிடக் காதுதான் முதலில் நம்புகிறது. அதனால் விழா அன்று காலையில் இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, தண்ணீர் தெளிக்காமல், தாளை ஒரு முறை தேய்த்துவிடுங்கள். தயார் செய்ததை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே சிலிக்கா ஜெல் சின்னப் பொட்டலம், அதில் நாலைந்து போட்டு, பிளாஸ்டிக் கவரில் மூடி வையுங்கள். மேடை ஏறும்போது வெளியே எடுத்தால் போதும்.

அடுத்து கோணல். செய்தித்தாளுக்கு இழையோட்டம் உண்டு. மேலிருந்து கீழே, பத்தி போகிற வாக்கில் கிழித்தால் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் அதன் இஷ்டத்துக்குப் பல்லைக் காட்டும். வேண்டுமானால் இப்போதே ஒரு பழைய தாளை எடுத்து இரண்டு வாக்கிலும் கிழித்துப் பாருங்கள். குறுக்கே கிழிக்க வேண்டிய இடத்தை மட்டும் முன்கூட்டியே மடித்து நகத்தால் நீவி விட்டால் கோடு தவறாது.

இனி ஒட்டுகிற விஷயம். உங்கள் முறையில் எனக்குப் பெரிய சந்தேகம் இங்கேதான். மைதாப் பசையோ ஆபீஸ் கோந்தோ தடவியிருந்தால் ஈரத்தில் தாள் சுருங்கி எழும்பும், ஈரக்காற்றில் பிடிப்பும் இளகும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் வாங்குங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், தாளும் சுருங்காது.

அமைப்பு இப்படி. ஒரே நாள், ஒரே கடை, ஒரே பதிப்பில் மூன்று பிரதி வாங்குங்கள் (மதுரைப் பதிப்பும் ராமநாதபுரம் பதிப்பும் கலந்துவிட்டால் உள்ளூர்ச் செய்திப் பக்கம் மாறிவிடும், முன்வரிசையில் ஒரு பெரியவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்). ஒரே ஒரு ஏடு (முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் உள்ள ஒற்றைத் தாள்) போதும், நாலு பக்க முழு விரிப்பு வேண்டாம். இரண்டாவது பிரதியின் ஏட்டை உயரவாக்கில் விசிறி மடிப்பாக நாலாக மடித்து, பிறகு அகலத்தைப் பாதியாக்கினால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கட்டு கிடைக்கும். அதன் ஒரு முகத்தை மட்டும், கிழிக்கப்போகும் ஏட்டின் பின்பக்கம், உங்கள் இடதுகைப் பக்க மேல்மூலையில் ஒட்டுங்கள். மேடையில் நடுவில் மேலிருந்து கீழே கிழித்து, வலதுகைத் துண்டை முன்னால் வையுங்கள். பக்கவாட்டில் திருப்பி, நீவி வைத்த கோட்டில் குறுக்கே கிழித்து, கட்டு இல்லாத பாதியை முன்னால் வையுங்கள். நாலு துண்டு போதும் சார், எட்டு பதினாறு என்று கிழிக்கிற ஆசையை விடுங்கள்.

இப்போது வருவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். துண்டுகளைப் பழையபடி நேராகத் திருப்பி, கீழ்ப்பாதியைக் கூட்டத்தை நோக்கி மேலே மடித்துவிடுங்கள். கட்டு ஒட்டியிருக்கிற துண்டு வெளியே இருக்கும், மற்ற மூன்றும் அதற்குள் சட்டைப்பையில் வைத்த மாதிரி அடங்கிவிடும். மடிப்பு கீழேயே இருக்கும்படி பக்கவாட்டில் புரட்டி, "எல்லாரும் ஊதுங்க பார்ப்போம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி ஊத வைத்து, விசிறி மடிப்பை ஒரே இழுப்பில் விரிக்கலாம். பல வருடம் முன்பு கீழக்கரைப் பக்கம் ஒரு விழாவில் நான் இப்படி மடிக்காமல் வெறும் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்த ஒரு காற்றில் மூன்று துண்டும் பறந்து போய் சிறப்பு விருந்தினர் மடியில் விழுந்தன. அவர் பத்திரமாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

காற்றைப் பொறுத்தவரை அதற்கு முகம் கொடுத்து நில்லுங்கள். எதிர்க்காற்று தாளை உங்கள் மேல் சாய்த்து, பின்னால் இருப்பதை அழுத்திப் பிடிக்கும். பின்காற்று தாளைப் பாய் மாதிரி விரித்துத் தூக்கிவிடும், பக்கக்காற்று அதைவிட மோசம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓங்கி அடிக்கிற மாதங்களில் வெளியே செய்யவே வேண்டாம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்திய ஊர் உங்களுடையது, ஒற்றைக் காகிதம் எம்மாத்திரம்? மைக்செட்காரரிடம் சொல்லி மேடை ஃபேனை இரண்டு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் எப்படிப் பார்த்தான் என்றும் எனக்கு ஓர் ஊகம் உண்டு. உங்களுக்குப் பின்னால் விளக்கோ சாய்கிற சூரியனோ இருந்திருக்கும். ஒற்றைத் தாள் வெளிச்சத்தில் ஊடுருவித் தெரியும், பின்னால் உள்ள கட்டு கறுப்புச் சதுரமாக நிழலாடும். விளக்கு முன்னால் இருக்கட்டும், எழுத்து நெருக்கமாக இருக்கிற பக்கமாக எடுங்கள், ஓரத்துப் பிள்ளைகளை நடுவில் நகர்த்தி உட்காரவைத்துவிடுங்கள்.

வீடியோக்களில் துண்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் முழுத்தாளாக விரியுமே, அது வேறு தயாரிப்பு. அமெரிக்க வித்தைக்காரர் ஜீன் ஆண்டர்சன் பெயர் பெற்றது அதில்தான். ஒட்டும் இடங்கள் அதிகம், இந்த ஈரத்தில் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

மூன்றாவது பிரதி எதற்கு என்று கேட்பீர்கள். வித்தை முடிந்ததும் தாளை மடித்து மஞ்சப்பையில் போட்டுவிடுவீர்கள், உடனே ஒருத்தன் எழுந்து "காட்டுங்க சார்" என்பான். அதே பையிலிருந்து இதை எடுத்துக் கொடுங்கள். முன்னாலேயே அதே மாதிரி விசிறியாக மடித்துப் பிரித்து வைத்திருக்க வேண்டும், மடிப்புக் கோடு இல்லாத தாளை நீட்டினால் அந்த முன்வரிசைப் பையன் மறுபடி கத்துவான்.