புருவம் மேலே ஏறினால் ஜடையை அவிழ்த்துவிடுங்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: மகளுக்கு அரங்கேற்றம் வருகிறது, முடி தோள்வரைதான், ஒத்திகைக்கு ஜடை வைத்தாலே தலைவலி என்று அழுகிறாள், ஏஜென்ட் ஒருவர் 'அசல் முடி' சவுரி 600 வெள்ளி (ரிங்கிட்), முழுப் பணமும் முன்கூட்டியே என்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள் சகோதரி. முதலில் வலியைப் பார்ப்போம்.

நெற்றியோர முடியை இழுத்துச் சீவி, பிடரியில் ரப்பர் பேண்டு போட்டு, மொத்தச் சுமையையும் அதில் தொங்கவிட்டால் வலிக்கத்தான் செய்யும். இப்படியே மாதக்கணக்கில் போனால் நெற்றியோரம் முடி கொட்டும்; சீக்கிரம் நிறுத்தினால் வளரும், தொடரவிட்டால் வளராமலே போகலாம். முடியை மூன்று கால்களாகப் பிரித்து, சவுரியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றோடு சேர்த்துப் பிடரியிலிருந்தே பின்ன வேண்டும். பின்னல் இறுகலாம், தோல் இழுபடக்கூடாது, புருவம் ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடி. இடுப்புக்கு வந்ததும் ஜடையை ஒட்டியாணத்துக்குள் அடக்கிவிட்டால் ஆடும்போது தலையை இழுக்காது.

ரீபாண்டிங் செய்த, அதாவது மருந்து போட்டு நேராக்கிய முடி என்றால் இதெல்லாம் எடுபடாது, வழுக்கிக்கொண்டே போகும். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும், அரங்கேற்றத்தன்று கூடாது. கண்டிஷனர் கூடாது, எண்ணெய் ஒரு துளிகூடக் கூடாது. பிடரியில் சின்னக் கொண்டையாக முடிந்து, வலை போட்டு, சவுரியை அந்த வலையோடு ஊசி நூலால் தைத்துவிட வேண்டும். ஹேர்பின்னை நம்பி மேடையேறி, வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் பாதியில் ஜடை கழன்று விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், பாவம் அந்தப் பிள்ளை.

சரி, ஏஜென்டுக்கு வருவோம். நாலு இழை பிடுங்கிக் கொளுத்துங்கள். மனித முடி கருகி நாறும், சாம்பல் விரலில் பொடியாகும். நைலான் உருகிக் கெட்டி உருண்டையாகும். கொளுத்த விடாதவரிடம் வாங்கவே வேண்டாம். உண்மையைச் சொன்னால் அரங்கேற்றத்துக்கு நைலானே தாராளம், முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குக்கூடத் தெரியாது, நிறம் மட்டும் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போக வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நீங்களே போய்க் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், ஆனால் விசாரணைக்குக் கூப்பிடுவதற்குள் அரங்கேற்றப் படமெல்லாம் ஆல்பத்துக்கே போயிருக்கும்.

இன்னொன்று, 'மேக்கப் பேக்கேஜ்' என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற ஒப்பனைக்காரர்கள் பின்னல்காரிக்கு மிச்சத்தைத்தான் போடுகிறார்கள். ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜடைநாகம் எல்லாவற்றையும் பிள்ளைக்கு வலிக்காமல் நிற்கவைப்பது அவள் கைதான். பேக்கேஜை விடுங்கள், அவளிடமே நேரடியாகப் பேசுங்கள். முழுத் தலைசாமானோடு ஒரு ஒத்திகையாவது ஆடவிட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.