நெல் எப்போது பூக்கும் என்பதை மரபணு எப்படி முடிவு செய்கிறது? விளைச்சலோடு அதற்கென்ன தொடர்பு?

ஆடுதுறை 43 என்ற நெல் ரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும், சி.ஆர். 1009 என்ற ரகத்துக்கு 155 நாள் வேண்டும். கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்க ஏறத்தாழ 35 நாள், பூத்தபின் முற்ற 30 நாள். இந்த 65 நாள் எல்லா ரகத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசமெல்லாம் அதற்கு முந்தைய, பக்கத் தண்டுகள் விட்டுத் தூர்கட்டும் காலத்தில்தான்.

அந்தக் காலத்தை முடித்துவைப்பது எச்டி3ஏ என்ற மரபணு. அது இலையில் உண்டாக்கும் புரதம் தண்டின் நுனிக்குப் போய், 'இலை போதும், கதிர் கட்டு' என்கிறது. பகல் நீண்டிருக்கும்வரை அதைத் தடுத்து வைப்பது ஜிஹெச்டி7 என்ற இன்னொரு மரபணு. நெல் குறும்பகல் பயிர். பகல் குறைந்தால் தடை தளரும்.

பேருந்து நடத்துனரை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் எச்டி3ஏ, 'இரு, ஆள் ஏறட்டும்' என்பது ஜிஹெச்டி7. காத்திருந்தால் தண்டும் இலையும் பெருகும், கதிரில் மணி கூடும். ஜிஹெச்டி7 வலுவான ரகங்கள் உயரமாகவும் மணி மிகுந்தும் இருப்பது இதனால்தான். காத்திருப்பு அளவு மீறினால் பயிர் சாயும், கடைசித் தண்ணீரும் கிடைக்காது. பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்ட பழைய சம்பா ரகங்களைப் பட்டம் தவறிக் கார்த்திகையில் விதைத்தால் நேர்மாறு: வளருமுன்பே விசில், கதிர் சிறுத்துவிடும்.

'நாள் கூடிய ரகமென்றால் விளைச்சலும் கூடும்' என்பது பாதி உண்மை. மணி எண்ணிக்கைக்கும் எடைக்கும் வேறு மரபணுக்களும் உண்டு, அதனால்தான் நல்ல குறுகியகால ரகங்களும் இருக்கின்றன.