விழாமலே உடையும் முதுகெலும்பு: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 71 வயது. விழவே இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது சுருக்கென்று பிடித்தது. எக்ஸ்ரேயில் எல்1 எலும்பு (இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு) அமுங்கியிருக்கிறதாம். எப்படி?

பதில்: எலும்பின் உட்பகுதி ரொட்டி போலத் துளைகள் நிறைந்தது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தத் துளைகள் பெரிதாகி, சுவர்கள் மெலிந்துவிடும். குடத்தின் பாரமே போதும், முன்பக்கம் நசுங்கி எலும்பு ஆப்பு போலாகிவிடும். விலாக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான் இது அதிகம். இதையும் 'தேய்மானம்' என்றே பலரும் சொல்கிறார்கள். அது மூட்டுக்கான சொல். இது எலும்புப்புரை, இதற்கு வைத்தியம் வேறு.

கேள்வி: மூன்று மாதம் படுத்தே இருக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: வேண்டாம். வலி கடுமையான முதல் சில நாட்கள் போதும். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும், சளியும் கட்டும். எழும்போது உடம்பை முறுக்காமல் ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழட்டும். குனிந்து பெருக்குவதும் எண்ணெய் தேய்த்து முதுகை அழுத்துவதும் கூடவே கூடாது. பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் வலி அடங்கிவிடும்.

கேள்வி: உடைந்த எலும்புக்குள் சிமெண்ட் ஊசி போட்டால் உடனே சரியாகுமா?

பதில்: 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் செலுத்தியவர்களுக்கும் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. மருந்து கொடுத்தும் எழவே முடியாதவர்களுக்கு, முறிவு புதிது என்று எம்ஆர்ஐ காட்டினால் மட்டும் நான் யோசிப்பேன்.

கேள்வி: மாமியாருக்கு வலி போய்விட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே?

பதில்: நிறுத்தியது வலி மாத்திரை என்றால் சரி. எலும்புக்கான மருந்து என்றால் இன்றே டாக்டரைப் பாருங்கள். இப்படி ஒரு முறிவு வந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் அடுத்தது வருகிறது. ரவிக்கை அதே அளவுதான், ஆனால் பின்பக்கம் தூக்கி, புடவை தரையில் புரள்கிறது என்றால் உயரம் குறைகிறது என்று அர்த்தம். கால்சியம் மட்டும் போதாது. வாரம் ஒரு மாத்திரை உண்டு: வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. காபியோடு போட்டால் உடம்பில் ஏறாது. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது. அது ஒத்துக்கொள்ளாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்து இருக்கிறது. அதற்கு முன் சிறுநீரகமும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 45 வயது, ஆண். இதே முறிவு. மாலையில் காய்ச்சல், எடையும் குறைகிறது.

பதில்: இதை எலும்புப்புரை என்று விட்டுவிடாதீர்கள். காசநோயா, புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். இந்த வாரமே எம்ஆர்ஐ எடுங்கள். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.