சம்பளமில்லாத பொருளாளர் பதவிக்கு வீடு பணயமா?

கேள்வி: மெல்பேர்ணின் வெளிப்புறப் பகுதியொன்றில் குடும்பத்துடன் வசிக்கிறேன், தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதியில் இயங்கும் பூர்வகுடி நல்லிணக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று, தன் இயக்குநர் குழுவில் பொருளாளராகச் சேருமாறு என்னை அழைத்திருக்கிறது. அது 'லிமிடெட்' என்று பெயர் முடியும் நிறுவனம். பகுதிநேர ஊழியர் இருவர் இருக்கிறார்கள். செலவுகள் பெரும்பாலும் அரசு மானியத்தில் நடக்கின்றன. முந்திய பொருளாளர் திடீரென விலகிவிட்டார். "கணக்கெல்லாம் தயார், ஆண்டுக் கூட்டத்துக்கு முன் நீங்கள் கையொப்பமிட்டால் போதும்" என்கிறார் செயலாளர். சம்பளம் கிடையாது. "தொண்டு செய்யப் போய் வீட்டை இழந்துவிடாதே" என்று மைத்துனர் எச்சரிக்கிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டா?

பதில்: உங்கள் மைத்துனர் பாதி சரி. தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் ஆவதால் மட்டும் எவருடைய வீடும் போய்விடுவதில்லை. ஆனால் செயலாளர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியம், மைத்துனரின் எச்சரிக்கையை விட என்னை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது.

முதலில் ஆறுதலான பகுதி. உங்களை அழைத்திருப்பது உறுப்பினர்களின் உத்தரவாதத்தால் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம். அது கடனில் மூழ்கினால் ஒவ்வொரு உறுப்பினரும் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் கட்டினால் போதும். அந்தத் தொகை அமைப்பு விதிகளில் எழுதப்பட்டிருக்கும், பெரும்பாலும் அது பத்து, இருபது டொலர்தான். நிறுவனத்தின் கடன் நிறுவனத்துடையது, உங்களுடையதன்று. கூட்டத்தில் நாற்காலி தடுக்கி யாராவது விழுந்தால், நல்லெண்ணத்தோடு பணியாற்றிய தொண்டரைத் தனிப்பட்ட வழக்கிலிருந்து காக்கும் மாநிலச் சட்டமும் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்க 2012 இல் தொடங்கப்பட்ட தேசிய ஆணையம், நிர்வாகத் தரநிலை ஐந்தின் கீழ் இயக்குநர்கள் கவனத்துடனும் நேர்மையுடனும் நடக்க வேண்டும், சொந்த நலன் குறுக்கிட்டால் வெளிப்படுத்த வேண்டும், கடனைத் தீர்க்க வழியில்லாத நிலையில் நிறுவனத்தை ஓட்டக்கூடாது என்று எதிர்பார்க்கிறது. நேர்மையாக நடந்து தவறிய தொண்டரைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது அதன் வேலையன்று.

இனி, மைத்துனரின் எச்சரிக்கை செல்லுபடியாகும் இடத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனெனில் உங்கள் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான்.

ஊழியர் இருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களின் சம்பளத்திலிருந்து பிடித்த வருமான வரியும், அவர்களுக்காகக் கட்ட வேண்டிய ஓய்வூதிய நிதியும் (நாம் 'சூப்பர்' என்று சொல்வது, 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 வீதம்), நிறுவனம் ஜிஎஸ்டிக்குப் பதிந்திருந்தால் அந்த வரியும் உரிய காலத்தில் கட்டப்படாமற்போனால், வரித் திணைக்களம் அந்தத் தொகையை இயக்குநர்களிடம் தனிப்பட்ட முறையில் கேட்கலாம். இயக்குநர் அபராத அறிவித்தல் என்று அதற்குப் பெயர். ஜிஎஸ்டியும் இந்த வலைக்குள் வந்தது 2020 ஏப்ரலில். இயக்குநர் சம்பளம் வாங்குகிறாரா, சும்மா வந்து உட்கார்ந்தாரா என்பதை இந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

புதிதாகச் சேருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் இன்னொன்று உண்டு. நீங்கள் சேர்வதற்கு முன்பே நிலுவையில் கிடந்த தொகைக்கும் நீங்கள் பொறுப்பாளி ஆகலாம். சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்கள் அவகாசம். அந்த 30 நாட்களுக்குள் நிறுவனம் நிலுவையைக் கட்டியிருக்க வேண்டும், அல்லது கடனில் சிக்கிய நிறுவனத்தைப் பொறுப்பேற்கும் வெளி நிர்வாகியை நியமிப்பது, நிறுவனத்தைக் கலைப்பது போன்ற சட்ட நடவடிக்கையில் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை, நீங்களும் விலகவில்லை என்றால், உங்களுக்கு முன்பிருந்தவர் விட்டுச் சென்ற பழைய கடன் உங்கள் தலையிலும் விழும். முப்பத்தோராம் நாள் விழித்துக்கொண்டு விலகல் கடிதம் கொடுப்பதால் பயனில்லை. உதாரணமாக, முந்திய பொருளாளர் மூன்று காலாண்டுகளாக சூப்பர் கட்டவில்லை, அதை எவரும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மார்ச் முதலாம் திகதி சேர்ந்து, ஏப்ரல் நடுப்பகுதியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறீர்கள் என்றால், நீங்கள் பார்க்கும்போது அவகாசம் முடிந்துவிட்டது. கணக்கு விவரங்களை நிறுவனம் காலத்தோடு தாக்கல் செய்திருந்தால், அறிவித்தல் வந்தபின் 21 நாட்களுக்குள் நிர்வாகியை நியமித்தாவது தப்பிக்க வழி இருக்கும். தாக்கலே செய்யாமல் விட்டிருந்தால் பணத்தைக் கட்டுவது ஒன்றே வழி. அந்த 21 நாட்களும் கடிதம் தபாலில் இடப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்தல்ல. 2026 ஜூலை முதல் சூப்பர் காலாண்டுக்கு ஒருமுறையன்றி, ஒவ்வொரு சம்பள நாளையும் அடுத்து ஏழு வேலை நாட்களுக்குள் நிதியைச் சென்றடைய வேண்டும் என்பதால், தவறுவதற்கு வாய்ப்பு இன்னும் கூடும்.

ஆகவே, முதலில் கணக்கைப் பாருங்கள். இயக்குநராகச் சம்மதிக்கும் படிவத்தில் கையொப்பமிடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முந்திய பொருளாளர் ஏன் திடீரென விலகினார் என்பதையும் அவரிடமே தொலைபேசியில் கேளுங்கள். செயலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: கடந்த பன்னிரண்டு மாத வங்கி அறிக்கைகள், வரித் திணைக்களத்தின் இணைய வாயிலில் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கு நிலுவை அறிக்கை, சூப்பர் செலுத்தியதற்கான ரசீதுகள், நடப்பில் உள்ள மானிய ஒப்பந்தங்கள், கடைசி ஓராண்டுக் கூட்டக் குறிப்புகள். சூப்பர் ரசீதில் தொகையை மட்டுமன்றித் திகதியையும் பாருங்கள். இவற்றைத் தருவதற்கு நல்ல அமைப்பு ஒரு வாரம் எடுக்கும். "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வந்தால், அழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு உறுப்பினராக மட்டும் இருங்கள்.

மானிய ஒப்பந்தங்களை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், வங்கியில் இருக்கும் பணம் எல்லாம் நிறுவனத்தின் பணமன்று. 80,000 டொலர் இருப்பு என்று கூட்டத்தில் மகிழ்ச்சியாக அறிவிப்பார்கள். அதில் 65,000 அடுத்த ஆண்டின் பாடசாலைத் திட்டத்துக்காக அரசு முன்கூட்டித் தந்த பணமாக இருக்கும். அதை எடுத்து வாடகை கட்டிவிட்டால் மானியம் தந்தவர் திருப்பிக் கேட்பார். கணக்காளரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மற்றவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.

"கையொப்பமிட்டால் போதும்" என்பதன் விலை என்ன என்பதற்கு விக்டோரியாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் விக்டோரியப் பிரிவு, மீட்புப் பணிக்கெனப் பெயர்பெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு. அதன் தலைமை அதிகாரி ஜோன் பிரெட்ரிக், மீட்புக் கருவிகள் நிறைந்தவை என்று சொல்லிக் கொள்கலன்களைக் காட்டி வங்கிகளில் கோடிக்கணக்கில் கடன் வாங்கினார். 1989 இல் திறந்து பார்த்தபோது அவற்றில் பல வெறுமையாக இருந்தன. சம்பளம் வாங்காத கௌரவத் தலைவர் அந்த மோசடியில் பங்கு கொண்டவரல்லர், அதிகாரிகளை நம்பிக் கணக்குகளில் கையொப்பமிட்டவர். ஆயினும் 1991 இல் விக்டோரிய உயர் நீதிமன்றம் அவரை ஏறத்தாழ 9 கோடியே 70 இலட்சம் டொலருக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி ஆக்கியது. உங்கள் அமைப்பு அந்த அளவுடையதன்று; கணக்கைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் கடமையிலிருந்து சம்பளமின்மை எவரையும் விடுவிப்பதில்லை என்ற விதி மட்டும் எல்லா அளவுக்கும் ஒன்றே.

இயக்குநர் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். எடுத்திருப்பது நல்லது, பத்திரத்தின் பிரதியை வாங்கி, எது விலக்கப்பட்டிருக்கிறது என்ற பக்கத்தை முதலில் வாசியுங்கள். கட்டாத வரியையும் சூப்பரையும் காப்புறுதி கட்டித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் உங்கள் பெயர் தொண்டு நிறுவனங்களின் பொதுப் பதிவேட்டில் ஏறிய உடனே அவர்கள் தேடி வரத் தொடங்குவார்கள். இயக்குநராவதற்கு முன் நீங்கள் இயக்குநர் அடையாள எண் ஒன்றைப் பெற வேண்டும். அது முற்றிலும் இலவசம். நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்காக இன்னொருவர் விண்ணப்பிக்க முடியாது. அப்படியிருந்தும் "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று கட்டணம் கேட்பவர்களிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்து, மானிய விண்ணப்பம் எழுதித் தருவதாகவும், கிடைத்தால் அதில் ஒரு வீதத்தை எடுத்துக்கொள்வதாகவும் சொல்பவர்கள். மானியப் பணம் குறித்த வேலைக்காகத் தரப்படுவது. அதிலிருந்து தரகு கொடுத்தால் கணக்கு ஒப்படைக்கும்போது அந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவீர்கள்? எழுதுபவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுங்கள், வீதக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகையினர் இன்னும் நயமாக வருவார்கள். நல்லிணக்கச் செயற்றிட்டம் என்பது 2006 முதல் ரெகன்சிலியேஷன் அவுஸ்திரேலியா அமைப்பு நடத்தும் முறை. பணியிடங்கள் அதன் நான்கு நிலைகளில் ஒன்றில் தம் உறுதிமொழிகளை எழுதி அந்த அமைப்பின் ஒப்புதல் பெறும். இதை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஆலோசகர்கள் சிலர், உங்கள் அமைப்பின் இலச்சினையைத் தம் அறிக்கையில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்பார்கள். பூர்வகுடி மக்களில் ஒருவரும் பங்கு கொள்ளாத அறிக்கையில் உங்கள் இலச்சினை இருந்தால், கெடுவது உங்கள் அமைப்பின் பெயர். நல்லிணக்க வாரத்துக்கு, அதாவது பூர்வகுடியினரைக் குடிசனக் கணக்கில் சேர்க்க வகைசெய்த 1967 வாக்கெடுப்பின் நாளான மே 27 முதல், அவர்களின் நில உரிமையை ஏற்ற மாபோ தீர்ப்பின் நாளான ஜூன் 3 வரையிலான வாரத்துக்கு, மலிவு விலையில் புள்ளி ஓவியச் சட்டைகளும் பைகளும் தருவதாக மின்னஞ்சல்கள் வரும். ஓவியர் யார், எந்தச் சமூகத்தவர், அவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூ என்னும் ஊதுகுழல்களையும் பூர்வகுடிக் கைவினை என்ற தோற்றத்தில் விற்ற பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019 இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. அதற்குள் அந்த நிறுவனம் கலைப்பில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசாங்கமோ இந்தத் தரகர்களை விட்டுவிட்டு உங்களைப் படிவங்களால் வாட்டும். நிறுவனமாகப் பதிவது ஓர் அலுவலகம், ஆண்டறிக்கை இன்னோர் ஆணையத்துக்கு, அடையாள எண் வேறோரிடம், நிதி திரட்டுவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதி. இவை போதாவென்று மானியம் தரும் ஒவ்வொரு திணைக்களமும் அதே எண்களைத் தன் சொந்த அட்டவணையில் மீண்டும் நிரப்பச் சொல்லும். ஆண்டு வருமானம் 500,000 டொலருக்குக் குறைந்த சிறிய தொண்டு நிறுவனம் கணக்காய்வு செய்ய வேண்டியதில்லை என்று ஆணையம் சொல்கிறது. சிறிய மானியம் தந்தவரே கணக்காய்வாளரின் சான்றிதழைக் கேட்பதும் நடக்கிறது. மாலை வேளைகளைத் தொண்டுக்குத் தருகிற ஒருவரின் நேரத்துக்கு விலையே இல்லை என்று நினைப்பவர்கள் எழுதிய விதிகள் இவை.

பூர்வகுடியினர் அல்லாத நீங்கள் அந்தக் குழுவில் இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்வியின் ஓரத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. தாராளமாக இருக்கலாம். பூர்வகுடிக் கூட்டுத்தாபனங்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்பாயின் இயக்குநர்களில் பெரும்பான்மையினர் பூர்வகுடியினராக இருக்க வேண்டும். உங்களுடையது அந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. எந்தத் திட்டம் வேண்டும் என்பதைக் குழுவில் உள்ள பூர்வகுடி உறுப்பினர்கள் சொல்லட்டும். அதற்குப் பணம் இருக்கிறதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். பணப்பையைக் கையில் வைத்திருப்பவர் மெல்ல மெல்லத் திட்டத்தையும் தீர்மானிக்கத் தொடங்குவது இத்தகைய குழுக்களில் அடிக்கடி காணும் கோளாறு.

கடைசியாக, பொருளாளர்கள் வழக்கமாகச் சொதப்பும் ஒரு சிறு விஷயம். நிகழ்ச்சியைத் தொடங்கி வைக்க அந்த நிலத்துக்குரிய பூர்வகுடி மூத்தவர் ஒருவர் வந்து வரவேற்புரை ஆற்றுவார். அதற்கு நீங்கள் பணம் தர வேண்டும். அவரிடம் வணிக எண் (ABN) இல்லையென்றால், 75 டொலருக்கு மேற்பட்ட கொடுப்பனவில் 47 வீதத்தைப் பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பொதுவிதி. இதைப் படித்த புதுப் பொருளாளர்கள் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டு மூத்தவரை அவமதிக்கிறார்கள், அல்லது பயந்து மாதக்கணக்கில் தாமதிக்கிறார்கள். அவர் அதை வணிகமாகச் செய்யவில்லை எனில், வழங்குநர் கூற்று என்ற ஒரு படிவம் வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது; அவர் பெயரும் முகவரியும் எழுதிக் காரணத்தைக் குறித்துக் கையொப்பமிட்டால் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முந்திய வாரமே அதை அனுப்பி நிரப்பி வாங்கி, மானியக் கோப்பில் வையுங்கள். பணத்தை அன்று மாலையே அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.